சனிக்கிழமை காலையில பூசை உண்டா?

"நாளைக்குக் காலையில பூசை உண்டா?"

நாகர்கோவில் பக்கம் எந்தக் கத்தோலிக்கக் கோயில் முற்றத்திலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் காதில் விழக்கூடிய கேள்வி இது. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் இப்படிக் கேட்பதில்லை. மற்ற நாட்களிலும் பெரும்பாலும் கேட்க வேண்டியிருக்காது. பங்குத்தந்தை ஊரில் இருந்தால் விடியற்காலை மணி அடிக்கும், பூசை நடக்கும். சனிக்கிழமைக்கு மட்டும்தான் இந்தச் சந்தேகம். சில ஊர்களில் காலையில் உண்டு. சில ஊர்களில் மாலையில் மட்டும். சில ஊர்களில் முதல் சனிக்கிழமை மட்டும் காலையில். சாமியார் மாறினால் நேரமும் மாறும்.

இது பாட்டிமார்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் சுமார் 18.7 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய 47 சதவீதம் கிறிஸ்தவர்கள். தமிழ்நாட்டில் வேறு எந்த மாவட்டத்திலும் இந்த விகிதம் கிடையாது. கோயில் மணியை வைத்து நாளைத் தொடங்குகிற வீடுகள் இங்கே ஏராளம். அந்த மணி ஒரு நாள் அடிக்கவில்லை என்றால் ஊருக்கே தெரியும்.

மாதாவின் நாள்

குமரிக் கத்தோலிக்கக் குடும்பங்களில் வாரத்தின் நாட்களுக்கு ஆள் உண்டு. செவ்வாய் அந்தோனியாருக்கு. புதன் சகாய மாதா நவநாளுக்கு. வெள்ளி இயேசுவின் திருஇருதயத்துக்கு. சனி மாதாவுக்கு. இதில் சனிக்கிழமை வழக்கம்தான் மிகப் பழையது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலானது. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சார்லிமேன் மன்னரின் அவையில் இருந்த அல்குயின் என்ற அறிஞர், வாரநாள் பூசைகளுக்கான செபங்களைத் தொகுத்தபோது சனிக்கிழமைக்கு மரியாவை வைத்தார் என்கிறது வழிபாட்டு வரலாறு. இயேசு கல்லறையில் கிடந்த அந்த ஒரு சனிக்கிழமையில், சீடர்கள் எல்லோரும் கலங்கிப் போயிருக்க, தாய் ஒருத்தி மட்டும் நம்பிக்கையை விடாமல் இருந்தாள் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம்.

இன்றும் திருப்பலி நூலில் அந்த இடம் இருக்கிறது. ஆண்டின் பொதுக்காலத்தில், கட்டாயமாகக் கொண்டாட வேண்டிய வேறு நினைவு எதுவும் வராத சனிக்கிழமைகளில், குருவானவர் விரும்பினால் மரியாவின் நினைவுத் திருப்பலியை நிறைவேற்றலாம். அன்று பச்சை உடுப்புக்குப் பதில் வெள்ளை உடுப்பு.

இங்கேதான் ஒரு வேடிக்கை. இந்த மாதா பூசை காலைக்கு மட்டும் உரியது. சனிக்கிழமை மாலையில் நடப்பது வழிபாட்டுக் கணக்கில் மறுநாளின் பூசை. வாசகங்கள், செபங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குரியவை. மாலையில் மாதா கெபி முன்னால் கூட்டம் நிற்கும், நவநாள் செபம் சொல்லும், மெழுகுதிரி கொளுத்தும். ஆனால் கோயிலுக்குள் போய் உட்கார்ந்ததும் ஞாயிறு தொடங்கிவிடும். காலைப் பூசையை விட்ட ஊர், மாதாவின் நாளில் மாதாவுக்கான பூசையையும் சேர்த்தே விட்டுவிடுகிறது.

பாத்திமா பக்தி உள்ளவர்களுக்கு முதல் சனிக்கிழமை இன்னும் முக்கியம். 1917-இல் போர்ச்சுகல் நாட்டுப் பாத்திமாவில் மாதாவைக் கண்ட மூன்று சிறுவர்களில் ஒருவரான லூசியா, பின்னால் கன்னியர் சபையில் சேர்ந்தார். 1925 டிசம்பர் 10 அன்று ஸ்பெயின் நாட்டு பொந்தேவேத்ராவில் அவருக்குக் கிடைத்த காட்சியில் இந்தப் பக்தி தொடங்கியது. தொடர்ந்து ஐந்து மாதங்கள், முதல் சனிக்கிழமையில், பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, செபமாலை சொல்லி, அதன் மறையுண்மைகளைக் கால் மணி நேரம் தியானிக்க வேண்டும். ஒரு மாதம் விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். நான்காவது மாதத்தில் ஊரில் பூசை இல்லை என்றால் எப்படி இருக்கும்! சனிக்கிழமை முடியாதவர்கள் நியாயமான காரணம் இருந்தால், குருவின் இசைவோடு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நிறைவேற்றலாம் என்ற சலுகை உண்டு. பலருக்கு அது தெரியாது.

ஒரு குரு, ஒரு நாள், ஒரு பூசை

சனிக்கிழமை காலைப் பூசை ஏன் காணாமல் போகிறது? 'சாமியாருக்கு மடி' என்று திண்ணையில் சொல்லிவிடுவது சுலபம். உண்மையான காரணம் திருச்சபைச் சட்ட நூலில் இருக்கிறது.

1983-ஆம் ஆண்டுச் சட்ட நூலின் 905-வது விதி: ஒரு குரு ஒரு நாளில் ஒரு பூசைதான் நிறைவேற்றலாம். குருக்கள் பற்றாக்குறை இருந்தால், தக்க காரணத்துக்காக இரண்டு பூசைக்கு ஆயர் அனுமதி தரலாம். மேய்ப்புப்பணித் தேவை கட்டாயப்படுத்தினால் ஞாயிற்றுக்கிழமையிலும் கடன் திருநாட்களிலும் மூன்று வரை போகலாம். அதற்கு மேல் இல்லை. பூசை ஒரு கடமை வேலையாக, கை பழகிய இயந்திர வேலையாக ஆகிவிடக் கூடாது என்பது இதன் உள்நோக்கம்.

இப்போது ஒரு பங்குத்தந்தையின் வாரக் கடைசியை எண்ணிப் பாருங்கள். பெரிய கோயில் ஒன்று, துணை ஆலயங்கள் இரண்டு. ஞாயிறு காலையில் மூன்று இடத்திலும் பூசை வைக்க முடியாது. ஓர் இடத்தில் முடித்து இன்னோர் இடத்துக்கு ஓடி, பாவசங்கீர்த்தனம் கேட்டு, மறைக்கல்வி வகுப்பையும் எட்டிப்பார்க்க வேண்டும். எனவே ஒரு துணை ஆலயத்தின் ஞாயிற்றுப் பூசையைச் சனி மாலைக்குக் கொண்டுபோகிறார். அங்கேயே சனிக்கிழமையின் 'ஒன்று' முடிந்தது. காலையில் கல்யாணப் பூசையோ அடக்கப் பூசையோ வந்தால் இரண்டும் முடிந்தது. விடியற்காலைப் பூசைக்கு இடமே இல்லை. துணைக்கு இணைப்பங்குத்தந்தை ஒருவர் இருக்கும் ஊரில் இந்தச் சிக்கல் தீரும். அவர் எல்லா ஊருக்கும் கிடைப்பதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. வீடுகளுக்கு நேரடியாகப் படுவது இதுதான். ஞாயிற்றுக்கிழமையில் பங்குத்தந்தை தன் பங்கு மக்கள் எல்லோருக்காகவும் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 534-வது விதி. அந்தப் பூசையைத் தனி ஒரு குடும்பத்தின் கருத்துக்காக வைக்க முடியாது. ஒரு நாளில் ஒரு பூசைக்கான காணிக்கையை மட்டுமே குரு தனக்கென வைத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு விதி. ஆக, இறந்தவருக்கு ஏழாம் நாள், முப்பதாம் நாள், ஆண்டு நினைவு என்று பூசை எழுதிக் கொடுக்க வருகிறவர்களுக்கு வாரநாள் காலைதான் வசதி. வெளியூரில் இருப்பவர்களுக்கு அந்த வாரநாட்களிலும் ஒரே ஒரு நாள்தான் வசதி.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் ஏறினால் சனிக்கிழமை காலை நாகர்கோவிலில் இறங்குவான். ஞாயிறு சாயங்காலம் திரும்ப ரயில் ஏற வேண்டும். அம்மாவின் ஆண்டு நினைவுக்கு அக்கா, தங்கை, பேரப்பிள்ளைகள் எல்லோரும் கூட முடிகிற ஒரே காலை சனிக்கிழமை. பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி, வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மத்தியானத்துக்குள் சொந்தங்களைப் பார்த்துவிடலாம். அந்தக் காலைப் பூசை இல்லை என்றால் நினைவு நாள் மாலைக்குப் போகிறது. மாலையில் வைத்தால் பெயரை மன்றாட்டில் வாசிப்பார்கள். நினைவுப் பூசைக்கென்று உள்ள செபங்கள் வராது; ஞாயிற்றுக்கிழமையின் செபங்கள்தான். இறந்தவருக்கு இதனால் குறை எதுவும் இல்லை என்று மறைக்கல்வி சொல்லும். மகனுக்குக் குறை இருக்கத்தான் செய்கிறது.

கட்டஞ்சாயாவும் நன்மையும்

பூசை என்றாலே காலை என்று ஊர் மனதில் பதிந்ததற்கு வரலாறு இருக்கிறது. 1953 வரைக்கும் நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் உண்ணாமல், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால்தான் நன்மை வாங்க முடியும். அப்படி ஒரு விதி இருக்கும்போது பூசையைச் சாயங்காலத்தில் வைக்க முடியுமா? விடியுமுன் மணி அடித்தார்கள், பூசை கண்டார்கள், அப்புறம்தான் அடுப்பு. இரவெல்லாம் கடலில் கிடந்து விடியலில் கரை சேர்ந்த மீனவர், குளிருக்கு ஒரு கட்டஞ்சாயா குடித்துவிட்டால் அன்றைக்கு நன்மை இல்லை.

1953-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீருக்கு அனுமதி கொடுத்தார். மாலைப் பூசைக்கும் வழி திறந்தார். 1957-இல் உண்ணாநோன்பு மூன்று மணி நேரமாகக் குறைந்தது. 1964-இல் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். 1967-இல், திருப்பீடம் அனுமதித்த இடங்களில், ஞாயிற்றுக் கடனைச் சனி மாலையிலேயே நிறைவேற்றலாம் என்ற ஏற்பாடு பொது வழிகாட்டலில் இடம்பெற்றது; 1983 சட்ட நூல் அதை எல்லோருக்கும் ஆக்கியது. முப்பதே ஆண்டுகளில், ஆயிரம் ஆண்டுக்கும் மேலான காலை வழக்கம் மாலைப் பக்கம் சாய்ந்துவிட்டது. யாரும் காலைப் பூசையை நிறுத்தச் சொல்லவில்லை. மாலை வந்தது, காலைக்கு ஆள் குறைந்தது. அவ்வளவுதான்.

இதில் ஒரு சனிக்கிழமை தலைகீழாகவே மாறியது. இன்று ஆண்டு முழுக்க எந்தச் சனிக்கிழமை காலையிலும் பூசை வைக்கலாம். பெரிய சனிக்கிழமை காலையில் மட்டும் கூடாது. பீடம் வெறுமையாக இருக்கும். இரவில்தான் பாஸ்கா திருவிழிப்பு. ஆனால் 1950-களின் தொடக்கம் வரை உலகம் முழுவதும் அந்தப் பாஸ்கா திருவிழிப்பே பெரிய சனிக்கிழமை காலையில்தான் நடந்தது. புதுத் தீ, பாஸ்கா திரி எல்லாம் பட்டப்பகலில். 'இருளை வெல்லும் ஒளி' என்று காலை வெயிலில் பாடிக்கொண்டிருந்தார்கள்! 1951-இல் சோதனையாகவும் 1956 முதல் கட்டாயமாகவும் அதை இரவுக்கு மாற்றினார்கள்.

விடியலுக்கு முன்னே வேலை

மாவட்டத்தின் வேலை நேரங்களைப் பார்த்தால், காலைப் பூசை எல்லோருக்கும் வசதி என்றும் சொல்லிவிட முடியாது. குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டு விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் நின்றுவிடும். ஆறு மணிப் பூசை மணி அடிக்கும்போது வெட்டுக்காரர் மரத்தடியில் நிற்பார். தோவாளையில் பூ வியாபாரம் அதற்கும் முன்னால். முந்திரி ஆலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளுக்குச் சோறு கட்டிவைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இவர்களுக்கெல்லாம் சனி மாலைப் பூசை பெரிய வரம்.

கடற்கரையில் கணக்கு வேறு. பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. ஆகவே சனிக்கிழமை அங்கே வாரத்தின் கடைசி வேலை நாள். வள்ளம் கரை சேரும் நேரத்தில் ஆண்கள் பூசைக்கு வர முடியாது. மீன் விற்கப் போகும் பெண்களாலும் முடியாது. காலைப் பூசையில் இருப்பது பெரும்பாலும் வயதானவர்களும் கன்னியர்களும். தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்களுக்கோ கிழமையே கிடையாது. வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். அவர்களுக்காகப் பூசை காண்பது வீட்டில் இருப்பவர்களின் வேலை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்த பிறகு, திரும்பி வராதவர்களுக்கு எந்தத் தேதியில் நினைவுப் பூசை வைப்பது என்றே தெரியாமல் நின்ற குடும்பங்கள் இந்தக் கரையில் உண்டு.

ஆள் குறைவு என்பதால் காலைப் பூசையை எடுத்துவிடலாமா? பத்துப் பேர் வருகிற பூசைக்கு விளக்கும் மைக்கும் எதற்கு என்று பங்குப்பேரவையில் கேட்பவர்கள் உண்டு. அந்தப் பத்துப் பேரில் பலர் மாலையில் வர முடியாதவர்கள் என்பதை யோசிக்க வேண்டும். கண்புரை உள்ளவருக்கு ஏழு மணிக்குப் பூசை முடிந்து இருட்டில் வீடு திரும்புவது சிரமம். சர்க்கரை வியாதிக்காரருக்கு மாலை மாத்திரை நேரம் இருக்கிறது. மாலைக் கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காது. காலையில் அவர்களுக்கென்று ஒரு தூண் ஓரம் உண்டு. அந்த இடம் காலியாக இருந்தால் 'எங்கே காணோம்' என்று யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள். தனியாக வாழும் முதியவர்கள் கூடிக்கொண்டிருக்கும் மாவட்டத்தில் இதுவும் ஒரு சேவைதான்.

2021 ஆகஸ்டில் கொரோனா பரவலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாட்களும் வழிபாட்டுத் தலங்களை மக்களுக்கு மூடியது. அக்டோபர் நடுப்பகுதியில்தான் அந்தத் தடை நீங்கியது. அந்த வாரங்களில் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களும் மாதா நாள்காரர்களும் ஒன்றாக வீட்டில் இருந்தார்கள். கைப்பேசியிலும் மாதா தொலைக்காட்சியிலும் பூசை பார்க்கும் பழக்கம் அப்போது வலுப்பட்டது. படுக்கையில் இருப்பவர்களுக்கு அது ஆறுதல். நடக்க முடிந்தவர்களுக்கு அது பூசைக்கு மாற்று அல்ல என்பதே திருச்சபையின் நிலை.

சனி காலை ஞாயிற்றுக்குச் சேருமா?

சேராது. இந்த ஒரு குழப்பம் பல வீடுகளில் இருக்கிறது. ஞாயிறு பயணம், கல்யாணம், தேர்வு என்று வந்தால் 'சனிக்கிழமை காலையில பூசை கண்டாச்சே' என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். 1248-வது விதி சொல்வது: அந்த நாளிலோ, முந்தின நாள் மாலையிலோ கண்டால் கடன் நிறைவேறும். 'மாலை' எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று விதி சொல்லவில்லை. பிற்பகல் நான்கு மணி என்பது பொதுவான புரிதல். காலை ஆறு மணி எந்தக் கணக்கிலும் மாலை ஆகாது. அதே சமயம், சனி மாலையில் கல்யாணப் பூசைக்குப் போனவர்களுக்கு ஞாயிற்றுக் கடன் தீர்ந்துவிடும் என்பது சட்ட அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து. விதி பார்ப்பது நேரத்தை. எந்த வாசகம் படித்தார்கள் என்பதை அல்ல.

சரி, சொந்த ஊரில் சனி காலைப் பூசை இல்லை. எங்கே தேடுவது? குமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. சுமார் 1,680 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தச் சின்ன மாவட்டத்தில் ஐந்து கத்தோலிக்க ஆட்சி வட்டங்கள் சந்திக்கின்றன. கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து 1930-இல் உருவான கோட்டாறு. அதிலிருந்து 2014 டிசம்பரில் பிரிந்த குழித்துறை. தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்கள் சேர்ந்த திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டம். 1996-இல் அடுத்தடுத்து அமைந்த தக்கலை சீரோ மலபார் மறைமாவட்டமும் மார்த்தாண்டம் சீரோ மலங்கரை மறைமாவட்டமும். எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையில் பூசை கண்டாலும் செல்லும் என்று அதே 1248-வது விதி சொல்கிறது. ஒரு பேருந்து நிறுத்தம் தள்ளிப் போனால் இன்னொரு கோயில் மணி கேட்கும் மாவட்டம் இது.

புனித சவேரியார் பேராலயம் இருக்கும் கோட்டாறு போன்ற பெரிய இடங்களில் விசாரிப்பது நல்லது. கன்னியர் மடச் சிற்றாலயங்களை மறந்துவிட வேண்டாம். பல மடங்களில் காலையில் பூசை நடக்கும், முன்கூட்டிக் கேட்டால் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொள்வார்கள். இணைய வரைபடத்தில் இருக்கும் பூசை நேரத்தை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். அதில் மூன்று சாமியாருக்கு முந்தின நேரம் இருக்கும். அன்பிய வாட்ஸ்அப் குழுவும் கோயில் பிள்ளையின் தொலைபேசியும்தான் நம்பகமானவை. ஊரில் பூசை வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. 'சாமியாரே, பூசை வையுங்கள்' என்று பொதுவாகச் சொல்வதைவிட, அன்பியங்கள் முறைவைத்து மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையைக் கேட்டுப் பெறலாம். பாட்டுக்கும் வாசகத்துக்கும் ஆள் தரலாம். ஆள் வரும் என்று தெரிந்தால் மறுக்கிற பங்குத்தந்தை குறைவு.

குரு கிடைக்காத சனிக்கிழமைகளில் கோயில் கதவைத் திறந்து செபமாலை சொல்லும் ஊர்களும் உண்டு. சனிக்கிழமைக்கு மகிழ்ச்சியின் மறையுண்மைகளைச் சொல்ல வேண்டும். 'சின்ன வயசுல மகிமைதானே சொன்னோம்' என்று பாட்டி சண்டை போட்டால் அவர் சொல்வதும் சரிதான். 2002 அக்டோபரில் இரண்டாம் ஜான் பால் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்தபோதுதான் சனிக்கிழமை மகிழ்ச்சிக்கு மாறியது.

நாட்காட்டியில் இப்போதே குறித்துவைக்க வேண்டிய ஒரு சனிக்கிழமை இருக்கிறது: 2026 ஆகஸ்ட் 15. மாதா விண்ணேற்புப் பெருவிழா. இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமைகள் தவிரக் கடன் திருநாட்கள் இரண்டுதான், கிறிஸ்துமஸும் இதுவும். வெள்ளி மாலையிலோ சனிக்கிழமையிலோ பெருவிழாவுக்கு ஒரு பூசை, சனி மாலையிலோ ஞாயிறு காலையிலோ ஞாயிற்றுக்கு இன்னொன்று. ஒரே பூசையால் இரண்டு கடனையும் தீர்க்க முடியாது. அன்று காலையில் எல்லாக் கோயிலிலும் பூசை உண்டா என்று கேட்க வேண்டியிருக்காது. சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்.